இலைத்தோலும் வேர்த்தோலும்: ஒரே எண்ணெயின் இரண்டு வேலைகள்

கட்டுச்சாதம் கட்டுவதற்கு வாழை இலையை அடுப்பு அனலில் வாட்டும்போது இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். சாம்பல் பூத்தாற்போல் வெளிறிக் கிடக்கும் இலை, அனல் பட்ட இடத்தில் மட்டும் சட்டென்று கரும்பச்சையாகிப் பளபளக்கும். இலை துவண்டு, மடித்தாலும் கிழியாமல் வளைந்துகொடுக்கும். துவள்வது உள்ளே இருக்கும் செல்கள் சூட்டில் விறைப்பை இழப்பதால். பளபளப்புக்குக் காரணம் வேறு. அந்தச் சாம்பல் நிறம் சாம்பலும் இல்லை, தூசும் இல்லை, மெழுகு. கண்ணுக்குத் தெரியாத பொடிப்பொடியான படிகங்களாக நின்று வெளிச்சத்தைச் சிதறடித்துக்கொண்டிருந்த மெழுகு, சூட்டில் உருகி வழவழப்பான ஏடாகப் படிந்துவிட்டது. அதனால் கீழே இருக்கும் பச்சை தெளிவாகத் தெரிகிறது.

மெழுகு உருகிப் படிந்த பிறகும் இலைக்குத் தோல் இருக்கிறது. எவ்வளவு வாட்டினாலும் அந்தத் தோல் உருகி ஓடாது. இன்னும் நெருப்புக்குக் கிட்டே கொண்டுபோனால் கருகும், அவ்வளவுதான். உருகும் மெழுகுக்குக் கீழே உருகாத பொருள் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் கியூட்டின். கியூட்டினும் மெழுகும் சேர்ந்த படலத்தைத்தான் பள்ளிப் பாடப்புத்தகம் கியூட்டிக்கிள் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. உண்மையில் அந்த ஒரு வரிக்குள் நிறைய வேதியியல் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பும் தேவையில்லை.

மூங்கில் கூடைக்குச் சாணம் மெழுகுவார்கள், பார்த்திருப்பீர்கள். பின்னல்தான் கூடைக்கு உருவமும் உறுதியும் தருகிறது. ஆனால் பின்னலின் இடுக்கில் தானியம் ஒழுகும். மெழுகிய சாணம் இடுக்கை அடைக்கும். ஆனால் அது தனியாக நிற்காது. இலைத்தோலில் கியூட்டின்தான் பின்னல். மெழுகு அதன் இடுக்குகளை நிரப்பி, மேலேயும் ஒரு பூச்சாகப் படிகிறது. இலைத்தோலைத் தனியே பிரித்து, மெழுகை மட்டும் கரைத்து எடுத்துவிட்டுச் சோதித்தவர்கள், அதன் வழியே தண்ணீர் கசிவது சில நூறு மடங்கு கூடிவிடுவதைக் கண்டார்கள். அதாவது தண்ணீரைத் தடுக்கும் வேலையில் பெரும்பங்கு மெழுகுடையது. அந்த மெழுகைப் பிடித்து நிறுத்துவது கியூட்டின். இத்தனைக்கும் இந்தப் படலத்தின் தடிமன் பொதுவாக ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்குள்தான். நெல் இலையில் அதிலும் நூறில் ஒரு பங்கு.

ரேஷன் பாமாயிலில் தொடங்குவோம்

கியூட்டின் எதனால் ஆனது என்று கேட்டால், எண்ணெயால் ஆனது என்பேன். இது கொஞ்சம் கூட்டிச் சொல்வதுதான், ஆனால் பொய்யில்லை.

ரேஷன் கடைப் பாமாயிலில் ஏறக்குறைய 40 சதவீதம் இருப்பது பால்மிட்டிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். பதினாறு கார்பன் அணுக்கள் வரிசையாகக் கோத்த சங்கிலி அது. ஒரு முனையில் அமிலத் தொகுதி, மறுமுனை மொட்டை. அந்த மொட்டை முனையோடு எதுவும் எளிதில் சேராது. எண்ணெயில் இந்த அமிலங்கள் தனியாக மிதப்பதில்லை. கிளிசரால் என்ற சிறு மூலக்கூறில் மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகள் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த OH) உண்டு. அந்த மூன்றிலும் ஒவ்வொரு கொழுப்பு அமிலம் போய்ச் சேர்ந்திருக்கும். அமிலமும் ஹைட்ராக்சிலும் சேரும்போது ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியேறும். அந்த இணைப்புக்கு எஸ்டர் பிணைப்பு என்று பெயர். மூன்று அமிலம் சேர்ந்ததும் கதை முடிந்தது. மேலே சேர இடமில்லை, மறுமுனைகள் மொட்டை. அதனால்தான் எண்ணெய் எண்ணெயாகவே ஓடிக்கொண்டிருக்கிறது.

செடியின் புறத்தோல் செல் இங்கே ஒரு சின்ன மாற்றம் செய்கிறது. ஒரு நொதியை வைத்து அந்த மொட்டை முனையில், அதாவது பதினாறாவது கார்பனில், ஒரு ஹைட்ராக்சிலை ஏற்றிவிடுகிறது. இப்போது அதே மூலக்கூறின் ஒரு முனை அமிலம், மறுமுனை ஆல்கஹால். ஒன்றின் தலை அடுத்ததன் வாலோடு எஸ்டராகச் சேரலாம், அது அதற்கடுத்ததோடு. சங்கிலி நீண்டுகொண்டே போகும். அதோடு விடுவதில்லை. வேறொரு நொதி, சங்கிலியின் நடுவில் ஒன்பதாவது அல்லது பத்தாவது கார்பனில் இன்னொரு ஹைட்ராக்சிலை ஏற்றுகிறது. இனி நடுவிலிருந்தும் கிளை பிரியலாம். நேர்ச்சங்கிலி வலையாகிவிடுகிறது. வலையாகிவிட்ட பொருள் உருகாது, கரையாது. ஏனென்றால் பிரிந்து ஓட அதில் தனி மூலக்கூறு என்று எதுவும் இல்லை. முழு இலையின் தோலும் கிட்டத்தட்ட ஒரே மூலக்கூறு என்றே வைத்துக்கொள்ளலாம்.

10,16-டைஹைட்ராக்சி பால்மிட்டிக் அமிலம். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். இதுவரை சொன்னதன் சுருக்கம்தான் அது. பாமாயிலின் அதே அமிலம், பத்தாவது கார்பனிலும் பதினாறாவதிலும் ஹைட்ராக்சில். தக்காளித் தோலில் முக்கியமாக இருப்பது இதுதான். சில செடிகளில் பதினெட்டு கார்பன் அமிலங்கள் கூடுதலாக இருக்கும். நடுவில் ஹைட்ராக்சிலுக்குப் பதில் எபாக்சி என்ற மூவணு வளையம் உட்கார்ந்திருக்கும். கொஞ்சம் கிளிசராலும் கலந்திருக்கும். அந்தக் கிளிசராலுக்குத் தக்காளியில் ஒரு வேலை இருப்பது 2012-ல் தெரியவந்தது. செல் தன் உள்ளே தயாரிக்கும் இந்த அமிலத்தைக் கிளிசராலில் கட்டி வெளியே அனுப்புகிறது. வெளியே காத்திருக்கும் நொதி, அமிலத்தைக் கழற்றி வலையில் கோத்துவிட்டு, கிளிசராலை விட்டுவிடுகிறது.

சிறு மூலக்கூறுகள் கோத்துக் கோத்து உருவாகும் பெரிய மூலக்கூறுதான் பாலிமர். எஸ்டர் பிணைப்பால் ஆன பாலிமருக்கு வேதியியல் பெயர் பாலியெஸ்டர். ஆமாம், புடவைக் கடையில் சொல்லும் அதே பாலியெஸ்டர். அது பெட்ரோலியத்தில் பிறந்தது, இது கொழுப்பில் பிறந்தது, இணைப்பு ஒன்றுதான். இதைப் பிறகு எடுத்துக்கொள்வோம்.

மெழுகையும் கியூட்டினையும் ஆய்வகத்தில் பிரிப்பதற்கும் இந்த வேறுபாடே போதும். இலையைக் குளோரோஃபாமில் சிறிது நேரம் முக்கினால் மெழுகு கரைந்து வந்துவிடும். அது தனித்தனி மூலக்கூறு. கியூட்டின் அசையாது. அதை உடைக்கக் காரத்தில் காய்ச்ச வேண்டும். எண்ணெயில் காரம் சேர்த்துச் சோப்பு காய்ச்சும்போது எஸ்டர் பிணைப்பு அறுந்து கிளிசரால் பிரிகிறதே, அதே வினைதான். கியூட்டின் எதனால் ஆனது என்று கண்டுபிடித்தவர்கள் இலைத்தோலைச் சோப்பாக்கித்தான் கண்டுபிடித்தார்கள் என்றால் மிகையில்லை. சில செடிகளில் இவ்வளவு காய்ச்சியும் கரையாமல் ஒரு மிச்சம் நிற்கும். எஸ்டர் அல்லாத பிணைப்புகளால் ஆன அதற்குக் கியூட்டான் என்று பெயர். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்தும் அழியாத இலைத்தோல் புதைபடிவங்களில் இந்த வகைப் பொருளுக்குப் பங்கு உண்டு.

மெழுகைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்

மெழுகும் அதே கொழுப்பு அமிலத்தில் பிறந்ததுதான். செல் அந்தச் சங்கிலியில் இரண்டிரண்டு கார்பனாகச் சேர்த்து இருபது, முப்பது, அதற்கும் மேலே நீட்டுகிறது. பிறகு அமில முனையை ஆல்கஹாலாகவோ ஆல்டிஹைடாகவோ மாற்றுகிறது. அல்லது அடியோடு நீக்கிவிடுகிறது. பொங்கல் கரும்பின் கணுவுக்குக் கீழே விரலில் ஒட்டும் வெள்ளைப் பொடியில் முக்கியமானது ஆக்டகோசனால் என்ற இருபத்தெட்டு கார்பன் ஆல்கஹால். சாம்பல் பூசணியின் சாம்பலும் மெழுகுதான்.

தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாததன் நுட்பத்தை, 1997-ல் ஜெர்மனியைச் சேர்ந்த பார்த்லாட்டும் நைன்ஹுயிஸும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு உலகமே பேசியது. டெல்டாக்காரன் பேச வேண்டியது நெல் இலையைப் பற்றி. காலையில் வரப்பில் நின்று ஒரு நெல் இலையை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். பனித்துளி இலையின் நீளவாக்கில் சட்டென்று உருளும். குறுக்குவாக்கில் அவ்வளவு எளிதில் உருளாது. இலையின் மேலிருக்கும் நுண்ணிய மேடுகள் நரம்பை ஒட்டி வரிசையாக அமைந்திருப்பதும், அவற்றின்மேல் மெழுகுப் படிகங்கள் படிந்திருப்பதும் காரணம். "மருந்தடிச்சா இலையில நிக்கவே மாட்டேங்குது" என்று புலம்புவதற்கும் காரணம் அதுவே. வேப்பெண்ணெய்க் கரைசலில் காதி சோப்போ வேறு ஒட்டும் திரவமோ கலக்கச் சொல்வது, மெழுகின்மேல் தண்ணீர் பரவுவதற்காக. ஒட்டும் திரவம் இல்லாமல் அடித்தால் மருந்தில் பெரும்பகுதி சேற்றுக்குப் போய்விடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சம்பா இளம்பயிர் முழுகிக் கிடக்கும்போது, தெளிந்த தண்ணீராக இருந்தால் உள்ளே பாருங்கள்: இலைகள் வெள்ளி பூசியதுபோல் மின்னும். அது இலையை ஒட்டிய மெல்லிய காற்றுப் படலம். மெழுகு தண்ணீரை ஒட்டவிடாததால், முழுகும்போது இலையோடு காற்றும் சேர்ந்து இறங்குகிறது. அந்தப் படலம் இருக்கும்வரை இலைத்துளைகள் வழியே கார்பன் டையாக்சைடும் ஆக்சிஜனும் போய்வர வழியுண்டு. பயிர் தண்ணீருக்கடியிலும் கொஞ்சம் ஒளிச்சேர்க்கை செய்துகொள்ளும். இதற்கான ஒரு ஜீனை 2018-ல் அடையாளம் கண்டார்கள். முப்பது கார்பன் ஆல்கஹால் மெழுகைச் செய்யும் ஜீன் அது. அது பழுதான நெல்லில் இலை நனைந்துவிடுகிறது, காற்றுப்படலம் நிற்பதில்லை. நல்ல பயிரிலும் ஒரு வாரத்துக்குள் அந்தப் படலம் மறைந்துவிடும். வயல் வடிய எத்தனை நாள் ஆகிறது என்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சேற்றுக்குள் இருக்கும் தோல்

வேருக்கு வந்தால் சிக்கல் வேறு. தண்ணீரை உறிஞ்சுவதற்கென்றே இருக்கும் உறுப்புக்கு வெளியே கியூட்டின் போர்த்தினால் செடி பிழைக்குமா? அதனால் வேர், தடுப்பை உள்ளே தள்ளிவைக்கிறது. அந்தத் தடுப்பின் பெயர் சூபரின்.

சூபரினும் பாலியெஸ்டர்தான், கச்சாப்பொருளும் அதே கொழுப்பு அமிலம்தான். மூன்று இடத்தில் வேறுபடுகிறது. சங்கிலிகள் நீளம், பதினாறு, பதினெட்டோடு இருபதைத் தாண்டியவையும் நிறைய. இரண்டு முனையிலும் அமிலம் உள்ள சங்கிலிகள் இதில் உண்டு. அவற்றை இணைக்கக் கிளிசரால் தாராளமாகப் பயன்படுகிறது. மூன்றாவது, ஃபெருலிக் அமிலம் போன்ற வளைய அமைப்புள்ள மூலக்கூறுகள். இவை கொழுப்புப் பகுதியைச் செல்சுவரோடு பிணைக்கின்றன. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் சூபரின் வெளிர்க்கோடும் கருங்கோடுமாக மாறிமாறி அடுக்கியிருப்பது தெரியும். இருக்கும் இடமும் வேறு: கியூட்டின் செல்சுவரின் வெளிப்பக்கம், சூபரின் சுவரின் உட்பக்கம், செல்சவ்வை ஒட்டி.

பாட்டில் மூடி செய்யும் தக்கை மரப்பட்டையில் எடைக்கு ஏறக்குறைய 40 சதவீதம் சூபரின். 1665-ல் ராபர்ட் ஹூக் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து 'செல்' என்று பெயரிட்டது இந்தத் தக்கையைத்தான். செத்துப்போன செல்களின் வெற்று அறைகளை அவர் பார்த்தார். உருளைக்கிழங்குத் தோலிலும் இதுதான். கிழங்கை வெட்டி வைத்தால் சில நாளில் வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டுவதும் சூபரின் படிவதால்.

டெல்டாவுக்கு உரிய கதை நெல் வேரில் இருக்கிறது. தண்ணீர் கட்டிய வயலின் சேற்றில் ஆக்சிஜன் மிஞ்சுவதில்லை. இருந்ததை நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடும். மற்ற பயிரின் வேர் அங்கே அழுகும். நெல்லுக்கு வேரில் ஏரென்கைமா என்ற காற்றுக்குழாய் உண்டு. இலை எடுத்த காற்று தண்டு வழியே அதில் இறங்குகிறது. ஆனால் போகிற வழியெல்லாம் ஆக்சிஜன் சேற்றுக்குள் கசிந்துவிட்டால் நுனிக்கு என்ன கிடைக்கும்? தேங்கிய சேற்றில் வளரும் நெல் வேர், தன் புறப்பகுதிச் செல்களில் சூபரினைப் படியவைத்து இந்தக் கசிவை அடைக்கிறது. நுனியை மட்டும் திறந்துவைக்கிறது. வளர்கிற, உறிஞ்சுகிற இடம் அதுதானே. பயிரைப் பிடுங்கிக் கழுவிப் பார்த்தால் சில வேர்களில் செம்பழுப்பு ஏறியிருக்கும். அது துரு. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் கரைந்து கிடக்கும் இரும்பு, வேரிலிருந்து கசியும் ஆக்சிஜனைத் தொட்டதும் துருவாகி அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. ஆக்சிஜன் கசிந்த தடம் அது. வேர் கருத்து அழுகிய முட்டை வாடை வந்தால்தான் கவலைப்பட வேண்டும். அங்கே சல்ஃபைடு மிஞ்சிவிட்டது.

வேரின் இன்னும் உள்ளே, அகத்தோலில், காஸ்பாரியன் பட்டை. 1865-ல் ராபர்ட் காஸ்பாரி விவரித்தது. இதுவும் சூபரினால் ஆனது என்றே பல பாடப்புத்தகங்கள் எழுதிவந்தன. அரபிடாப்சிஸ் என்ற ஆய்வுச் செடியில் 2012-ல் சோதித்தபோது அந்தப் பட்டை லிக்னின் என்று தெளிவானது. லிக்னின் எஸ்டர் குடும்பமே இல்லை. வளைய ஆல்கஹால்கள் தாறுமாறாகக் கோத்துக்கொண்ட பாலிமர், மரத்துக்குக் கடினம் தருவது. செல்லுக்கும் செல்லுக்கும் நடுவிலுள்ள இடுக்கைக் காஸ்பாரியன் பட்டை அடைக்கிறது. செல்லைச் சுற்றி அதன் முகத்தையே மூடுவது சூபரின். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதவரை வேரின் உள்கட்டமைப்பு எளிது.

இந்த அடைப்புகளின் மதிப்பு கடைமடையில் தெரியும். வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் உப்பு ஏறிய நிலங்கள் புதிதல்ல. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நாகைக் கரையோரம் பல வயல்கள் கடல்நீர் ஏறிக் கிடந்தன. நெல்லுக்குள் சோடியம் நுழைவதில் கணிசமான பங்கு செல்களுக்குள் புகாமல், சுவர் இடுக்குகள் வழியே சுற்றிப்போகும் பாதையில் நடக்கிறது. அந்தப் பாதையை மறிப்பவைதான் சூபரினும் காஸ்பாரியன் பட்டையும். கேரளக் கடலோரத்தின் பொக்காளி நெல்லையும், நம்மூரில் ஒரு காலத்தில் பரவலாகப் பயிரான ஐ.ஆர்.20-ஐயும் ஒப்பிட்ட ஆய்வில், உப்பைத் தாங்கும் பொக்காளியின் வேரில் இந்தத் தடுப்புகள் கூடுதலாக இருப்பது தெரிந்தது. உப்புநீரில் வளர்த்தபோது இரண்டிலுமே தடுப்பு கூடியது. நம் குழியடிச்சான், களர் சம்பா போன்ற உவர் தாங்கும் ரகங்களின் வேரையும் இந்தக் கண்ணோடு பார்ப்பது பயனுள்ள வேலை.

அப்படியானால் சூபரின் நிறைய இருக்கும் ரகமாகப் பார்த்து உருவாக்கிவிடலாமே என்று தோன்றும். அவ்வளவு சுலபமில்லை. உப்பை மறிக்கும் சுவர் உரத்தையும் மறிக்கும். அரபிடாப்சிஸில் இரும்போ துத்தநாகமோ பற்றாக்குறையானால் வேர் தன் சூபரினைக் குறைத்துக்கொள்கிறது. பொட்டாசியம் குறைந்தால் கூட்டிக்கொள்கிறது. எப்போது கட்டுவது, எப்போது இடிப்பது என்பதை வேர் அன்றாடம் முடிவுசெய்துகொண்டிருக்கிறது. ஒரே ஒரு ஜீனைத் திருகிவிட்டு விளைச்சலை எதிர்பார்க்கிறவர்களிடம் எனக்கு நம்பிக்கை குறைவு.

தோலை உடைக்கத் தெரிந்தவர்கள்

இவ்வளவு கெட்டியான தோலை நெல்லின் குலைநோய்ப் பூசணம் எப்படித் துளைக்கிறது? இலைமேல் விழுந்த வித்து பசைபோட்டு ஒட்டிக்கொண்டு முளைக்கும். முளையின் நுனி உருண்டையாக உப்பி, மெலனின் என்ற கருநிறமி பூசிய கெட்டிச் சுவர் கட்டிக்கொள்ளும். உள்ளே கிளிசராலைக் குவிக்கும். ஆம், எண்ணெயிலும் சூபரினிலும் வந்த அதே கிளிசரால். அது தண்ணீரை இழுக்க, உள்ளழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் 80 மடங்கு வரை ஏறும். அந்த அழுத்தத்தில் ஒரு மெல்லிய ஊசிமுனை தோலைக் குத்திக்கொண்டு இறங்கும். நெல் இலையில் கியூட்டிக்கிளுக்கு அடியில் சிலிக்கா அடுக்கு ஒன்று உண்டு, கியூட்டிக்கிளைவிடப் பல மடங்கு தடிமன். சிலிக்கா நன்றாகக் கிடைத்த பயிரில் குலைநோய் குறைவதற்கு அந்த அடுக்கும் ஒரு காரணம்.

வேடிக்கை என்னவென்றால், தான் விழுந்திருப்பது இலைமேல்தான் என்று பூசணம் தெரிந்துகொள்வதற்கும் கியூட்டினே உதவுகிறது. கியூட்டினேஸ் என்ற நொதியால் பூசணம் தோலைக் கொஞ்சம் கரைக்கிறது. உதிரும் பதினாறு கார்பன் துண்டுகள், துளைக்கும் உருண்டையைக் கட்டத் தூண்டும் குறிப்புகளில் ஒன்று. செடியின் பூட்டு, திருடனுக்கு முகவரிப் பலகையாகவும் ஆகிவிட்டது.

கியூட்டினேஸ் செய்வது எஸ்டர் பிணைப்பை வெட்டுவது மட்டும். தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் (PET) பிளாஸ்டிக்கும் எஸ்டர் பிணைப்பால் ஆனதுதான் என்பதால், இந்த நொதிகளுக்கு அதுவும் ஓரளவு இரையாகிறது. ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இலைதழை மக்கிய எருவிலிருந்து ஒரு கியூட்டினேஸ் ஜீனை எடுத்து, அந்த நொதி பெட்டையும் உடைக்கிறது என்று 2012-ல் காட்டினார்கள். பிரான்ஸின் துலூஸ் நகரத்துக் குழு அதே நொதியை மாற்றியமைத்து, 72 டிகிரி வெப்பத்தில் 10 மணி நேரத்தில் பெட் கழிவில் 90 சதவீதத்தைப் பழைய கச்சாப்பொருளாக உடைத்துக் காட்டியது 2020-ல். நொதியிடம் கொடுப்பதற்கு முன் பிளாஸ்டிக்கைச் சூடாக்கித் தக்கபடி பொடித்துத் தர வேண்டியிருந்தது. படிகமாக இறுகிய பிளாஸ்டிக்கை நொதியால் எளிதில் தொட முடிவதில்லை. அந்த முன்வேலைக்கு ஆகும் மின்சாரச் செலவைக் குறைப்பதுதான் இப்போது இந்தத் துறையில் இருப்பவர்கள் மல்லுக்கட்டும் கணக்கு.